இரையாக நடிக்கத் தெரிய வேண்டும்

பூனை வளர்ப்பவர்கள் சந்தித்துக்கொண்டால் எப்படியும் ஒரு குறை பேச்சில் வந்துவிடும்: "ஆசையாகப் பொம்மை வாங்கிக் கொடுத்தேன், ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது." பொம்மையை மாற்றிப் பார்ப்பார்கள். அதற்கும் அதே கதிதான். எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். மூத்தவள் கருப்பி, பன்னிரண்டு வயதைத் தாண்டியவள். இளையவன் செவலை, துள்ளும் வயது. இருவரோடும் நெடுநாள் விளையாடியதில் எனக்கு உறுதியாகப் புரிந்தது இது: தரையில் கிடக்கும் பொம்மை பூனைக்கு வெறும் பொருள். அது ஓட வேண்டும், ஒளிய வேண்டும், பயந்து உறைந்து நிற்க வேண்டும். அப்போதுதான் அது இரை. அந்த ஓட்டத்தையும் ஒளிவையும் நம் கைதான் கொடுக்க வேண்டும். கை அதைக் கற்றுக்கொண்டுவிட்டால் பழைய காலுறையும் ஒரு அட்டைப்பெட்டியும் போதும்.

பூனையின் விளையாட்டு வேட்டையின் வழியே போகிறது. உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, பாய்வது, பிடிப்பது, கடிப்பது என்ற வரிசை வயிறு நிறைந்த வீட்டுப் பூனையின் உடம்பிலும் அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராட்ஷாவின் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வில், பசித்திருந்த பூனைகள் பொம்மையோடு இன்னும் மும்முரமாக விளையாடின, பெரிய பொம்மைகளைக்கூட விடவில்லை என்று தெரிந்தது. அதனால்தான் நான் சாப்பாட்டுக்கு முன்னால் விளையாட்டை வைத்திருக்கிறேன். தின்றுவிட்டுச் சுருண்டு படுத்த பூனையை எழுப்பி ஆடச் சொன்னால் அது வரவே வராது. விடியலும் அந்தியும் பூனை இயல்பாகவே சுறுசுறுப்பாக இருக்கும் நேரங்கள். காலை, மாலைச் சாப்பாடும் அப்போதே அமைந்துவிட்டால் நல்லது.

எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வெளியே போய் வேட்டையாடும் பூனைகளைப் பற்றியது. தினமும் 5 முதல் 10 நிமிடம் வீட்டார் அவற்றோடு விளையாடியதற்கே, அவை பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிராணிகளின் எண்ணிக்கை கால்பங்கு குறைந்தது. பத்து நிமிடம் யாருக்கும் கிடைக்கும். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு ஆட வேண்டும். கவனமில்லாமல் ஆட்டும் குச்சி எலியைப் போல நகராது. பூனைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

முதலில் செய்துபார்க்கச் சொல்வது தூண்டில் பொம்மை. கை நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான வழவழப்பான குச்சி, நுனி மழுங்கலாக இருக்கட்டும். அதில் நூலோ நைலான் கயிறோ கட்டுவதில்லை. பழைய பனியன் துணியை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி இழுத்துவிட்டால் ஓரங்கள் தானாகச் சுருண்டு நாடாவாகிவிடும். அது நூலைவிடத் தடிமன், பிசிறும் குறைவு. நாடாவின் நீளமும் குச்சியின் நீளம்தான். மறுமுனையில் ஒரு சுருக்கு வைத்தால் இரையை மாற்றி மாற்றி மாட்டலாம்: ஒரு நாள் முடிச்சிட்ட துணி, ஒரு நாள் சலசலக்கும் காகிதக் குஞ்சம், ஒரு நாள் காலுறையின் நுனி. நிறத்துக்காக அதிகம் யோசிக்க வேண்டாம். பூனைக்கு நீலமும் மஞ்சளும் பிரிந்து தெரியும். சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். நிறத்தைவிட ஒலி முக்கியம். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, பூனைக்கு 60ஐத் தாண்டியும் கேட்கும். காய்ந்த காகிதம் தரையில் உரசும் சத்தத்துக்கு அடுத்த அறையிலிருந்து செவலை ஓடிவருவது அதனால்தான்.

இனி அதை ஆட்டும் முறை. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

பலரும் பொம்மையைப் பூனையின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் ஆட்டுகிறார்கள். எந்த எலியும் தானாகப் பூனையின் வாய்க்கு வருவதில்லை. தன்னை நோக்கி ஒன்று வேகமாக வந்தால் பூனை பின்வாங்கும், இல்லையென்றால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலகும். மேலும், மிக அருகில் இருப்பது பூனையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. சுமார் 25 செ.மீ.க்குள் வந்துவிட்டால் அது மீசையைத்தான் நம்புகிறது. ஆகவே இரண்டு மீட்டர் தள்ளித் தொடங்குங்கள். இரை தரையோடு ஒட்டி, பூனையைவிட்டு விலகியோ குறுக்காகவோ போகட்டும். நாலு விரற்கடை நகர்ந்து நிற்கட்டும். மறுபடி ஒரு சின்ன நடுக்கம். பிறகு சட்டென்று நாற்காலிக் காலுக்குப் பின்னால் ஓடிவிடட்டும், நுனி மட்டும் வெளியே தெரியும்படி. அந்த நுனியை மெதுவாக, மிக மெதுவாக உள்ளே இழுங்கள். மறையப் போகிற இரையைப் பூனையால் விட்டுவைக்க முடியாது. செவலை பாய்வதெல்லாம் பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

இன்னொன்று: பூனை அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் "விளையாட விருப்பமில்லை" என்று எழுந்துவிடாதீர்கள். கண்மணி விரிந்திருக்கிறதா, காதுகள் முன்னோக்கித் திரும்பியிருக்கின்றனவா, பின்பக்கம் இடவலமாக லேசாக ஆடுகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வேட்டையில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். கருப்பி ஒரே இடத்தில் பதுங்கி நெடுநேரம் பார்ப்பாள், ஒரே ஒரு தாவல் தாவுவாள். அவளுக்கு அதுவே நிறைவு.

பாய்ந்த பூனைக்குப் பிடிக்கக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். பூனை சலித்துவிடும், சில பூனைகளுக்குக் கோபமும் வரும். மூன்று நான்கு பாய்ச்சலுக்கு ஒருமுறையாவது அதன் நகத்தில் இரை சிக்கட்டும். சிக்கியதும் இழுக்காமல், அது கவ்வி, உதைத்து, வாயில் தூக்கிக்கொண்டு நடக்க விடுங்கள். பிடி தளர்ந்ததும் இரை மறுபடி துடிக்கலாம். முடிக்கும்போது இரை களைத்துப்போக வேண்டும்: ஓட்டம் குறையும், தடுமாறும், கடைசியாக ஒருமுறை பிடிபட்டு அசையாமல் கிடக்கும். உடனே கிண்ணத்தில் சாப்பாடு. தின்றதும் அது உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தூங்கிவிடும். இரவில் வீட்டைத் தலைகீழாக்கும் பூனையோ அதிகாலையில் முகத்தைத் தட்டி எழுப்பும் பூனையோ உள்ளவர்கள், படுக்கப் போகும் முன் இந்த ஆட்டத்தையும் சாப்பாட்டையும் இதே வரிசையில் சில வாரம் விடாமல் செய்துபாருங்கள். செவலையின் இராக்கூத்து எங்களுக்கு இப்படித்தான் அடங்கியது.

எல்லாப் பூனைக்கும் ஒரே இரை பிடிக்காது. செவலைக்குப் பறவைதான், காற்றில் எழும்பி, வட்டமடித்து, ஓரிடத்தில் வந்து உட்காருவதாகக் குச்சியை ஆட்டினால் எகிறிக் குதிப்பான். கருப்பிக்குத் தரையில் ஊர்வது, அதிலும் மறைவில் ஊர்வது வேண்டும். படுக்கை விரிப்புக்கு அடியில் குச்சியை விட்டு மெல்ல நகர்த்தினால் போதும். இன்னும் சில பூனைகளுக்குப் பூச்சி: சுவரோரமாகச் சின்னதாக, வேகமாக, நின்று நின்று ஓடும் ஒரு காகிதத் துண்டு. மூன்றையும் காட்டிப் பாருங்கள், எதற்குக் காது திரும்புகிறது என்பது சீக்கிரம் தெரிந்துவிடும்.

கட்டிப்பிடித்து உதைக்க ஒன்று தனியாக வேண்டும். பெரிய காலுறை ஒன்றை எடுத்துப் பழைய துணித் துண்டுகளை இறுக்கமாகத் திணித்து, வாயை முடிச்சிடுங்கள். ஏறக்குறைய ஒரு முழத்துக்குக் குறைவான நீளம், பூனை முன்னங்கால்களால் அணைத்துக்கொண்டு பின்னங்கால்களால் உதைக்கத் தோதான பருமன். கையைக் கடித்துப் பிறாண்டும் குட்டிகளுக்கு இது பெரிய வடிகால். விரலை ஆட்டி விளையாடிப் பழகிய குட்டி, வளர்ந்த பிறகும் கை என்றால் கடிக்கும் பொருள் என்றே நினைக்கும். அதைத் திட்டியோ அடித்தோ மாற்ற முடியாது. கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு இந்தக் காலுறையை அதன் வயிற்றருகே தள்ளிவிடுவதுதான் வழி. வீட்டில் எல்லோரும் இதில் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஒருவர் மட்டும் விரலைக் கொடுத்தாலும் பழக்கம் போகாது.

இந்தக் காலுறைக்குள் வாசனைக்கு எதையாவது வைப்பவர்கள் உண்டு. கேட்னிப் என்ற மூலிகைக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பூனைகள் மயங்குகின்றன; அந்த நாட்டம் பரம்பரையாக வருவது, சில மாத வயதுக் குட்டிகளிடம் இருக்காது. குப்பைமேனியின் வேருக்கும் இதே ஈர்ப்பு உண்டு, பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயர். புதிதாகப் பிடுங்கிக் கழுவிய வேரை இரட்டைத் துணியில் முடிந்து உள்ளே வைத்தால் கருப்பி அதன்மேல் புரளுவாள். செவலை திரும்பிப் பார்ப்பதில்லை. முகரத்தான் விடுகிறேன், தின்ன விடுவதில்லை.

அட்டைப்பெட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, பூனை உள்ளவர்களுக்குத் தெரியும். காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தால் அவற்றின் மன அழுத்தம் சீக்கிரம் குறைகிறது என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2014இல் காட்டியது. பயந்த சுபாவமுள்ள பூனைக்கு முதல் பொம்மையே பெட்டிதான். ஒட்டுநாடாவையும் பின்களையும் முழுவதும் எடுத்துவிடுங்கள். பெட்டியைக் கவிழ்த்துப் பக்கங்களில் பூனையின் கை நுழையும் அளவுக்கு ஐந்தாறு துளைகள் போட்டு, ஒரு துளையில் குச்சியை நுழைத்து இன்னொன்றில் தலைகாட்டச் செய்தால் அருமையான ஆட்டம். இரண்டு பூனைகள் சேர்ந்து ஆட ஏற்றதும் இதுதான். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. தூண்டில் பொம்மையில் அப்படி முடியாது. ஒரே இரைக்கு இருவர் என்றால் துணிச்சல்காரன் பாய்வான், மற்றவள் ஒதுங்கி உட்கார்ந்து பார்ப்பாள். கருப்பிக்கு ஆட்டத்தில் ஆசையே போய்விட்டதோ என்று தோன்றியதற்குக் காரணம் இதுதான். கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு மட்டும் ஆடியபோது அவள் குட்டியானாள்.

கசக்கிய காகிதப் பந்தை எறிந்தால் சில பூனைகள் எடுத்து வந்து காலடியில் போடும். இதைப் பழக்கித்தான் வர வைக்க வேண்டும் என்றில்லை. 2023இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், பொருளை எடுத்து வரும் பூனைகளை வளர்ப்போர் 900க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டதில், 94 விழுக்காட்டுக்கு மேல் அது கற்றுக்கொடுக்காமலே வந்த பழக்கம் என்றார்கள். ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் பெரும்பாலும் பூனைதான். அது பந்தைக் கொண்டுவந்து போட்டால் எறியுங்கள். விட்டுவிட்டால் நீங்களும் விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டைத் தேடி எடுக்க வைக்கும் விளையாட்டுகள் தனியாக இருக்கும் பூனைக்கு நல்லது. முட்டை அட்டையின் குழிகளில் உலர் உணவைப் போட்டுவைப்பது எளிது. அட்டைக் குழலின் இரு வாயையும் மடித்து மூடி, பக்கத்தில் துளைகள் போட்டு உருட்ட விடலாம். பிளாஸ்டிக் பாட்டில் என்றால் துளைகளின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள், மூடியையும் கழுத்திலுள்ள வளையத்தையும் கழற்றி எறியுங்கள். அந்த வளையத்தைக் கடித்து விழுங்கும் பூனைகள் உண்டு. தொடக்கத்தில் துளைகள் பெரிதாக, உணவு தானாக உதிரும்படி இருக்க வேண்டும். டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2021இல் சோதித்தபோது, தட்டில் சும்மா கிடக்கும் உணவும் புதிரைத் தீர்த்தால் கிடைக்கும் உணவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலான பூனைகள் தட்டையே நாடின. முதல் நாளே கடினமாக வைத்தால் பூனை பட்டினி கிடக்குமே தவிர உழைக்காது. பல நாள் தின்னாமல் இருப்பது பூனையின் ஈரலுக்கு ஆபத்து என்பதால், வேளைச் சாப்பாடு முழுவதையும் இதில் அடைக்காமல் ஒரு பங்கை மட்டும் வையுங்கள்.

இப்போது நூல். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நூல்கண்டோடு விளையாடும் பூனை வாழ்த்து அட்டைகளில் அழகாக இருக்கலாம். நிஜ வீட்டில் அது ஆபத்து. பூனையின் நாக்கிலுள்ள சொரசொரப்பான முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது, விழுங்கிக்கொண்டே போகும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலில் இறங்கும். குடல் அதைத் தள்ளத் தள்ள, சுருக்குப்பையின் வாய் போலக் கொசுவிக்கொள்ளும். நூல் குடற்சுவரை அறுத்துத் துளையும் போட்டுவிடலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தையல் நூலை விழுங்கிய பூனையை அறுவை சிகிச்சை செய்துதான் காப்பாற்றினார்கள். எங்கள் கால்நடை மருத்துவர் அழுத்திச் சொன்ன ஒன்றை அப்படியே தருகிறேன்: "வாயிலயோ ஆசனவாயிலயோ நூல் தொங்குறதப் பார்த்தா இழுக்காதீங்க, வெட்டவும் வேண்டாம், அப்படியே தூக்கிட்டு உடனே வாங்க." வாந்தி, சாப்பிட மறுப்பது, ஒடுங்கிக் கிடப்பது ஆகியவை தெரிந்தால் காத்திருக்காதீர்கள். ரிப்பன், ரப்பர் பேண்ட், தலைமுடி வளையம், ஜரிகை இழை, ஊசி கோத்த நூல் எல்லாம் இதே வகைதான். நான் பனியன் நாடாவால் செய்த தூண்டில் பொம்மையும் ஆட்டம் முடிந்ததும் அலமாரிக்குள் போய்விடும். ஆள் இல்லாதபோது பூனையிடம் இருக்கக்கூடியவை: பெட்டி, காலுறை, வாய்க்குள் போகாத அளவுப் பந்து. மணி, பொத்தான், ஒட்டிய பிளாஸ்டிக் கண் எதையும் எந்தப் பொம்மையிலும் வைக்காதீர்கள். காகிதப் பையைத் தரையில் போட்டால் கைப்பிடியை வெட்டிவிடுங்கள், கழுத்தில் மாட்டிக்கொண்டு மிரண்டு ஓடும்.

லேசர் விளக்கை நான் பயன்படுத்துவதில்லை. அந்தப் புள்ளியைப் பூனை எப்போதும் பிடிக்கப்போவதில்லை, வேட்டையின் கடைசிப் படி அதில் கிடையாது. 2021இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், லேசரை அதிகம் பயன்படுத்திய வீடுகளின் பூனைகளிடம் வெளிச்சத்தையும் நிழலையும் விடாமல் துரத்துவது போன்ற பழக்கங்கள் அதிகம் சொல்லப்பட்டன. அதனால்தான் அப்படியானது என்று அந்தக் கணக்கெடுப்பு நிறுவவில்லை. எனக்கு விலகியிருக்க அதுவே போதும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கண்ணில் படாமல் காட்டி, முடிவில் புள்ளியை ஒரு நிஜப் பொம்மையின்மேல் நிறுத்திப் பிடிக்கக் கொடுங்கள்.

பொம்மைகளை எல்லாம் ஒரே நேரத்தில் பரப்பி வைக்க வேண்டாம். மேலே சொன்ன பிராட்ஷா குழுவின் 2002ஆம் ஆண்டு ஆய்வில், ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது பூனைகளின் ஆர்வம் விறுவிறுவென்று குறைந்தது. சற்றே வேறான ஒன்றை உடனே கொடுத்ததும் மீண்டும் வேகம் பிடித்தன. சலித்தது பொம்மைதான், விளையாட்டு அல்ல. ஆட்டத்தின் நடுவே செவலை தளர்ந்தால் சுருக்கில் மாட்டிய துணியை எடுத்துவிட்டுக் காகிதக் குஞ்சத்தை மாட்டுவேன். மற்றவை மூடிய பெட்டியில் இருக்கும், சில நாள் கழித்து முறை வரும்போது அவனுக்கு அவை புதிது.

வாயைத் திறந்து இரைக்க இரைக்கப் பூனை மூச்சு வாங்கினால் ஆட்டத்தை அப்போதே நிறுத்துங்கள். நாய்க்கு அது இயல்பு, பூனைக்கு அல்ல. சிறிது ஆட்டத்துக்கே அப்படி ஆகிறது, அல்லது அடிக்கடி ஆகிறது என்றால் இதயமும் நுரையீரலும் பார்க்கப்பட வேண்டும்.

வயதான பூனைகளோடு விளையாடுவதை நிறுத்திவிடுகிறார்களே என்பது என் பெரிய ஆதங்கம். கருப்பி இப்போது அதிகம் குதிப்பதில்லை. பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, எட்டும் தூரத்தில் ஊரும் துணியைக் கையால் தட்டுவாள். வழுக்கும் தரையில் ஒரு மிதியடியை விரித்து, இரையை மெதுவாக நகர்த்தி, குறைந்த நேரத்தில் முடித்துக்கொள்கிறேன். வலி எதையும் வெளியே காட்டாத பிராணி இது. உடம்பில் ஒன்று சரியில்லை என்றால் சில நேரம் ஆட்டத்தில்தான் முதலில் தெரிகிறது. ஒரு சமயம் அவள் காலுறையைத் துரத்தினாள், அணைத்தாள், உதைத்தாள். கடிக்க மட்டும் இல்லை. சாப்பாடு வழக்கம்போல் இறங்கிக்கொண்டிருந்ததால் வேறு எந்த அறிகுறியும் கண்ணில் படவில்லை. மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தபோது கடைவாய்ப் பல் ஒன்று கெட்டிருந்தது. பிடுங்கி, புண் ஆறிய பிறகு மறுபடி கடித்துக் குதறத் தொடங்கினாள். மருத்துவமனை மேசையில் எந்தப் பூனையும் பயத்தில் உறைந்துதான் இருக்கும், அங்கே அதன் நடையையும் பாய்ச்சலையும் யாரும் பார்க்க முடியாது. அதனால் இப்போதெல்லாம் இருவரும் விளையாடுவதை அவ்வப்போது கைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறேன்; பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.